பொன்னாடை போர்த்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

மார்ச் மாசம் வந்தாலே நம்ம கேள்வி பதில் பகுதிக்கு வர்ற லெட்டர் எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சுடும். இந்த வாட்டி பாதிக்கு மேல தலைவிங்களைப் பத்தி தான். அதனால இடுப்பு வலி கேள்வி, நாத்தனார் கேள்வி, மாவு புளிக்கலைங்கற கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: நான் யூனியன் ஆபீஸ்ல ஊர்நல அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவ, ஊர் ஊரா டவுன் பஸ் மாறி மாறி அலைஞ்சதுல தெரிஞ்சதை வெச்சு தான் பதில் சொல்றேன்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட்ல மகளிர் தின விழா வெக்கறோம். சீரியல் நடிகையைக் கூப்பிடலாம்னு ஒரு கோஷ்டி, பெரிய அதிகாரி யாரையாவது கூப்பிடலாம்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு நாளா வாட்ஸப் குரூப்ல சண்டை. நீங்க சொல்லுங்கக்கா, யாரைக் கூப்பிடறது?
— வாசகி, மதுரை

ரெண்டு பேருமே வேணாம்மா. உங்க பிளாக்குல வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க நாலு பேரைக் கூப்பிட்டு, உங்க தெருவுல புருஷன் குடிச்சுட்டு அடிச்சா யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க, ரேஷன் கார்டுல பேரு விட்டுப்போச்சுன்னா யாரைக் கூட்டிட்டுப் போவீங்கன்னு கேளுங்க. நாலு பேரும் யோசிக்காம ஒரே பேரைச் சொல்லுவாங்க பாருங்க, அவங்க தான் உங்க சீஃப் கெஸ்ட். 

அதுவும் மதுரைல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வி கேட்டா எப்படி? அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா ஊரு தானே அது. அவங்களை 2001 ஜனவரில டெல்லில வாஜ்பாய் கால்ல விழுந்து கும்பிட்டாருன்னு மட்டும் தான் எல்லாரும் சொல்லிட்டிருக்காங்க. சரி, பிரதமர் ஒருத்தர், கூலி வேலை செஞ்ச, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா காலைத் தொட்டாரு, பெரிய விஷயம் தான், பேப்பர்ல போட்டோ வந்தப்ப எங்க ஆபீஸே நின்னு பார்த்துச்சு. ஸ்த்ரீ சக்தி விருது குடுக்கற விழா அது. அப்புறம் 2019-ல பத்மஸ்ரீ. ஆனா எனக்கு அந்த போட்டோவை விட பிடிச்சது அதுக்கு வருஷக்கணக்கா முன்னாடி அவங்க பார்த்த வேலை. அவங்க கொத்துத் தலைவி. டவுன்ல இருக்கறவங்களுக்கு இது தெரியாது, அதனால சொல்றேன். நடவு, களையெடுப்பு, கதிரறுப்புன்னா நிலத்துக்காரர் ஒவ்வொருத்தரா ஆள் தேட மாட்டாரு, கொத்துத் தலைவிகிட்ட சொல்லி விடுவாரு. அவ பத்து இருபது பொம்பளைங்களைச் சேர்த்துக் கூட்டிட்டுப் போகணும், கூலி எவ்ளோன்னு வரப்புல நின்னு பேசி முடிக்கணும், சாயங்காலம் வாங்குன கூலியை எல்லார் மடியிலயும் சரியா பிரிச்சுப் போடணும். புள்ளத்தாச்சி ஒருத்தி பாதி நாள் உக்காந்துட்டான்னா அவளுக்கு எவ்ளோ, வயசான பாட்டிக்கு எவ்ளோ, இதையெல்லாம் பேப்பர் பேனா இல்லாம மனக்கணக்குல, நாலு பேர் பார்க்க, சண்டை வராம முடிக்கணும். ஒரு நாள் ஒருத்தி மனசுல அரைப்படி நெல்லு குறையுதேன்னு சந்தேகம் வந்துட்டா மறுநாள் கொத்து கலைஞ்சுடும். இப்படி வருஷக்கணக்கா கலையாம ஒரு கூட்டத்தை வெச்சிருந்தவங்ககிட்ட களஞ்சியம்ங்கற பெண்கள் சேமிப்புக் குழு வந்தப்ப, காசை நம்பிக் குடுக்க ஜனங்க ஏன் யோசிக்கணும்? ஏற்கெனவே கூலியை நம்பிக் குடுத்தவங்க தானே.

விழாவுக்கு யாரைக் கூப்பிட்டாலும் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, மைக்கை குடுங்க. நான் போன ஒரு விழாவுல, எங்கன்னு சொல்ல வேணாம், குழுத் தலைவி ஒருத்தங்களைக் காலைல 10 மணிக்கே மேடைல உக்கார வெச்சாங்க, விருந்தினர் வந்தப்ப மணி 1.30, எல்லா ஆம்பளைங்களும் பெண்ணின் பெருமையைப் பத்தி பேசி முடிச்சாங்க, இவங்களுக்கு ஒரு பொன்னாடை, ஒரு டிபன் பாக்ஸ், மைக் மட்டும் வரவே இல்ல. கீழ இறங்கி என்கிட்ட வந்து, "மேடம், பாத்ரூம் எங்க இருக்கு"ன்னு தான் முதல்ல கேட்டாங்க. மூணரை மணி நேரத்துக்கும் மேல.

கேள்வி: போன வாட்டி எங்க மாமியார் ஊராட்சித் தலைவர். ஆனா ஆபீஸ் சேர்ல உக்காந்தது எங்க மாமனார், போர்டுல மட்டும் அத்தை பேரு. இதுக்கு எதுக்கு 50 சதவீதம் இட ஒதுக்கீடு? எனக்கு எரிச்சலா வருது.
— பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

எரிச்சல் நியாயம் தான். எங்க யூனியன் ஆபீஸ் மீட்டிங்குக்கே "தலைவர் வந்துருக்கேன்"னு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்து உக்காருவாங்க. அட்டென்டன்ஸ்ல பேரு செல்வியோ லட்சுமியோ இருக்கும். கேட்டா "வீட்டுல தான் இருக்கா, கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன் மேடம்"பாங்க. உங்க மாமனார் தனி ஆள் இல்லம்மா, அது ஒரு பெரிய சங்கம். 

ஆனா நான் ஒரு கதை சொல்றேன், அப்புறம் எரிச்சல் படுங்க. நான் பார்த்த ஊர்ல ஒரு தலைவி, அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. முதல் வருஷம் முழுக்க பென்சில்ல பெருக்கல் குறி போட்ட இடத்துல கையெழுத்து போட்டது தான் அவங்க நிர்வாகம். ஒரு கோடைல மேல்நிலைத் தொட்டிக்கு தண்ணி ஏத்தற மோட்டர் ரிப்பேர். காயில் கட்டணும்னு ஒரு பில்லு. அடுத்த மாசம் மறுபடி காயில் கட்டுனதா ஒரு பில்லு. அடுத்த ரெண்டு வாரத்துல மறுபடியும். அந்தம்மாவுக்கு கேஷ் புக் படிக்கத் தெரியாது, ஆனா தெருக்குழாய்ல வரிசைல நிக்கறவங்க அவங்க தானே. நடுவுல ஒரு நாள் கூட தண்ணி நிக்கலையேன்னு அவங்களுக்குத் தெரியும்! மோட்டரைக் கழட்டாம எப்படி காயில் கட்டுனாங்கன்னு டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. அந்தாளு தலையைச் சொறிஞ்சாரு. அதுல இருந்து பேனாவைத் தன் ஜாக்கெட்லயே சொருகி வெச்சுக்கிட்டாங்க, வீட்டுக்காரர் கேட்டாலும் தர்றதில்ல. மூணாவது வருஷம் பிடிஓ-கிட்டயே "இந்த எஸ்டிமேட்ல மண்ணு லோடு ஜாஸ்தியா இருக்கே சார்"னு சொன்னவங்க அவங்க.

ஊராட்சில பொம்பளைங்களுக்கு மூணுல ஒரு பங்கு இடம் குடுத்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஊராட்சித் தலைவி எங்கயோ ஒண்ணு ரெண்டு பேர் தான். நம்ம மாநிலத்துல அந்த மூணுல ஒரு பங்கை 2016-ல பாதியா ஆக்குனாங்க, அதுக்கப்புறம் தேர்தல் நடந்ததே 2019 டிசம்பர்ல தான், விட்டுப்போன 9 மாவட்டத்துக்கு 2021 அக்டோபர்ல. ஆம்பளைங்களுக்கு இந்த சேர்ல உக்கார எத்தனை தலைமுறை பழக்கம் இருக்குன்னு யோசிங்க, உங்க அத்தைக்கு கிடைச்சது அஞ்சு வருஷம்.

இனிமே உங்க வீட்டுல யாராவது ஜெயிச்சா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. செக்குல தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்து போடணும்ங்கறது நம்ம ஊர் முறை, அதனால துணைத் தலைவர் யாருன்னு பார்த்தா அந்த ஊராட்சியோட ஜாதகமே தெரிஞ்சுடும். இன்னொண்ணு, இப்பல்லாம் பணம் ஆன்லைன்ல போகுது, பென்டிரைவ் மாதிரி டிஜிட்டல் கையெழுத்து சாவி ஒண்ணு குடுப்பாங்க, அது அத்தையோட சுருக்குப்பைல இருக்கா இல்ல கிளார்க் பாக்கெட்ல இருக்கான்னு பாருங்க. சேர்ல யாரு உக்காந்தா என்ன, சாவி யார்கிட்டங்கறது தான் சங்கதி.

கேள்வி: பெண்கள் தலைவி ஆனா எல்லாம் மாறிடும்ங்கறீங்க. எங்க பக்கம் தலித் பெண் தலைவரைத் தரைல உக்கார வெச்சாங்களே, அது மறந்து போச்சா?
— வாசகர், கடலூர்

மறக்கலை. 2020-ல உங்க மாவட்டத்துல தெற்குத்திட்டை ஊராட்சி மீட்டிங்ல மத்தவங்க எல்லாம் நாற்காலில, தலைவர் மட்டும் தரைல உக்காந்திருந்த அந்த போட்டோ வெளிய வந்த அன்னைக்கு எனக்கு சோறு இறங்கலை. கேஸ் போட்டாங்க, ஊராட்சி செயலரை சஸ்பெண்ட் பண்ணுனாங்க, அதெல்லாம் போட்டோ வெளிய வந்ததால. அதே வருஷம் ஆகஸ்ட் 15-க்கு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்துல தலைவர் அமிர்தம் அம்மாவைக் கொடி ஏத்த விடலை. விஷயம் பெருசாகி, அஞ்சு நாள் கழிச்சு கலெக்டரும் எஸ்பியும் கூட நிக்க ஏத்துனாங்க. ஒரு கொடி ஏத்தறதுக்கு ஒரு மாவட்ட நிர்வாகமே வர வேண்டியிருந்துச்சு பாருங்க.

இதுக்கும் மேல போச்சு சில இடத்துல. நெல்லை மாவட்டம் தாழையூத்துல கிருஷ்ணவேணி. 2006-ல தலைவரா வந்தவங்க, பொம்பளைங்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்டணும்னு நின்னாங்க. 2011 ஜூன்ல ராத்திரி வீட்டுக்குத் திரும்பற வழில வெட்டுனாங்க. பிழைச்சாங்க. தீர்ப்பு வர 13 வருஷம், 2024-ல தான் வந்துச்சு. மதுரை வில்லாபுரத்துல லீலாவதி, தறி நெய்யற குடும்பம், 1996-ல கவுன்சிலர் ஆனாங்க. அந்தப் பக்கம் அப்ப தண்ணி யாவாரம் ஒரு கும்பல் கைல, குடம் இவ்ளோன்னு விலை. குழாய்ல தண்ணி வரணும்னு ஜெயிச்ச நாள்ல இருந்து மல்லுக்கு நின்னாங்க, 1997 ஏப்ரல் 23 காலைல, கடைக்குப் போன இடத்துல, நடுத்தெருவுல வெட்டிக் கொன்னாங்க. பதவிக்கு வந்து ஒரு வருஷம் கூட ஆகலை.

நான் எங்கயும் எல்லாம் மாறிடும்னு சொல்லலை சார். தண்ணிக் குழாயும் கழிப்பறையும் சும்மா சின்ன வேலைன்னு நினைக்கறோம் பாருங்க, அது யாரோட வருமானத்துல கை வெக்குதுன்னு வெட்டுனவனுக்குத் தெரிஞ்சிருக்கு, விழா எடுக்கற நமக்குத் தான் தெரியலை.

கேள்வி: ஆண் தலைவர்களுக்குன்னு தனியா தினம் ஏன் இல்லை?
— ஒரு ஆண், சேலம்

நவம்பர் 19 ஆண்கள் தினம் தான் சார். யாரும் விழா எடுக்கலைன்னா நீங்க எடுங்க, நாங்க சமைச்சுத் தர்றோம்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க.

கேள்வி: அத்தை, காலேஜ்ல பெண் தலைவர்கள் பத்தி பேசச் சொல்லிருக்காங்க. எல்லாரும் முத்துலட்சுமி ரெட்டி தான் பேசுறாங்க. வேற யாராவது சொல்லுங்க.
— பி.காம். முதல் வருஷ மாணவி, மயிலாடுதுறை

முத்துலட்சுமி அம்மையாரை விட்டுடாதே கண்ணு. புதுக்கோட்டைல பிறந்து, 1912-ல டாக்டர் பட்டம் வாங்கி, 1927-ல சென்னை சட்டசபைல துணைத் தலைவரா உக்காந்து, 1954-ல அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சவங்க. ஆனா நீ மயிலாடுதுறைன்னு எழுதிருக்கே, அதனால உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அரசுப் பள்ளில படிச்சவளா இருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா உன் அக்கவுண்ட்ல ஏறுதுல்ல, அந்தத் திட்டத்தோட முழுப் பேர்ல ஒரு அம்மா பேரு இருக்கே, கவனிச்சியா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். மூவலூர் உன் ஊர்ல இருந்து எட்டிப் பார்க்கற தூரம்.

1883-ல பிறந்தவங்க. சின்ன வயசுலயே வறுமைல அவங்களைத் தேவதாசி குடும்பம் ஒண்ணுக்குக் குடுத்துட்டாங்க. அதாவது எந்த முறையை ஒழிக்கணும்னு முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைல பேசுனாங்களோ, அந்த முறைக்குள்ளயே வளர்ந்தவங்க இவங்க. ஒருத்தங்க சட்டம் போட்டாங்க, ஒருத்தங்க வீடு வீடா போயி அந்தப் பொண்ணுங்களோட அம்மாகிட்டயே, பொட்டுக் கட்டாதீங்கன்னு வாதாடுனாங்க. எது கஷ்டம்னு நினைக்கறே? சொந்தத் தெருவுல, சொந்த ஜனம் முறைக்கும், உன்னால எங்க பொழப்பு போச்சுன்னு மண்ணை வாரித் தூத்தும். 1936-ல தாசிகள் மோசவலைன்னு ஒரு நாவலே எழுதுனாங்க. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-ல வந்துச்சு. நடுவுல 1938-ல இந்தி எதிர்ப்புப் படை திருச்சில இருந்து சென்னைக்கு நடந்தே போச்சு, 55 வயசுல அந்தம்மாவும் நடந்தாங்க. கூகுள் மேப்ல போட்டுப் பாரு எவ்ளோ தூரம்னு, செருப்பு எத்தனை தேஞ்சிருக்கும்னு யோசி.

பேச்சுல நேரம் மிச்சம் இருந்தா கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைச் சேர்த்துக்கோ. திண்டுக்கல் பக்கம், நிலம் இல்லாத தலித் குடும்பத்துல 1926-ல பிறந்தவங்க. நிறைமாச வயித்தோட அம்மா வேலை செஞ்சதைப் பார்த்து வளர்ந்த பொண்ணு, மதுரைல தங்கிப் படிச்சு டிகிரி வாங்குனாங்க. சுதந்திரம் கிடைச்ச நாட்டுல தான் கல்யாணம்னு சபதம் போட்டு 1950-ல ஜெகந்நாதன் ஐயாவைக் கட்டிக்கிட்டாங்க, நிலம் வெச்சிருக்கறவங்ககிட்ட இல்லாதவங்களுக்காக நிலத்தைத் தானமா கேட்டு வாங்குன பூதான இயக்கத்துல ரெண்டு பேரும் ஊர் ஊரா நடந்தாங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணில 44 பேரைக் குடிசையோட எரிச்சாங்களே, கூலியைக் கூட்டிக் கேட்ட குத்தத்துக்கு, அதுக்கப்புறம் தஞ்சாவூர் பக்கமே வந்து தங்கிட்டாங்க. 1981-ல லாஃப்டின்னு ஒரு இயக்கம், உழுபவரின் நில உரிமைக்கு.

வேலை எப்படி நடந்துச்சுன்னு தான் நீ மேடைல சொல்லணும், விருதை அப்புறம் சொல்லிக்கலாம். நிலத்தை விக்கத் தயாரா இருக்கற மிராசுதாரரைத் தேடிப் போறது, திண்ணைல உக்காந்து விலை பேசறது, பேங்க்ல கடன் வாங்கறது, மொத்தமா வாங்குன நிலத்தைக் கூலிக்காரக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் மாதிரி பிரிக்கறது, பட்டாவைப் பொம்பளை பேர்ல போடறது, கடனை விளைச்சல்ல அடைக்கறது. பட்டா பொம்பளை பேர்லங்கற அந்த ஒரு இடத்துல நிறுத்தி சொல்லு. ஆம்பளை பேர்ல போட்டா சாராயக் கடைக்காரன்கிட்ட போயிடும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா பத்திரத்துல எழுதற தைரியம் யாருக்கும் வரலை. அப்புறம் 90-கள்ல நாகப்பட்டினம் கடலோரம் இறால் பண்ணை வந்து வயலும் குடிதண்ணியும் உப்பாச்சுன்னு சத்தியாகிரகம் உக்காந்தாங்க, கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 1996 டிசம்பர்ல இவங்க பக்கம் தீர்ப்பு. 2008-ல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஸ்வீடன்ல ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல பத்மபூஷண்.

கேள்வி: புதுக்கோட்டைல பெண்கள் சைக்கிள் ஓட்டுனதைப் போயி புரட்சின்னு எங்க சார் சொல்றாரு. சைக்கிள் ஓட்டுறது ஒரு புரட்சியா?
— பிளஸ் டூ மாணவன், கரூர்

தம்பி, உன் கைல பைக் சாவி இருக்கு, அதான் இப்படி கேக்கறே. 90-கள் ஆரம்பத்துல புதுக்கோட்டைல அறிவொளி இயக்கம் நடந்துச்சு, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லித் தர்றது தான் திட்டம். ஆனா சாயங்காலம் பாடம் எடுக்கற பொண்ணுங்க ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்கு எப்படிப் போவாங்க? பஸ் கிடையாது. அண்ணனோ அப்பாவோ கொண்டு விடணும். அதனால எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் பாடமா வெச்சுட்டாங்க. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க கத்துக்கிட்டாங்க, கல்லு உடைக்கறவங்க, அங்கன்வாடி டீச்சர், நர்ஸ், தண்ணி தூக்கறவங்கன்னு. லேடீஸ் சைக்கிள் கடைல தீர்ந்து போச்சு. சரின்னு ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்குனாங்க, அதுல நடுவுல பார் இருக்குல்ல, புள்ளைய உக்கார வெச்சுக்கலாம்னு சிலர் அதையே விரும்பி வாங்குனாங்க. ஊர்ல கிண்டல் பண்ணாத ஆளே இல்ல.

சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவ விளைஞ்சதைத் தானே சந்தைக்குக் கொண்டு போவா, பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் நிக்க மாட்டா, ஆஸ்பத்திரிக்கு யார் பெர்மிஷனும் வேணாம். உங்க சார் சரியா தான் சொல்லிருக்காரு.

அதே புதுக்கோட்டைல தான் ஷெரீஃபா கானம் முஸ்லிம் பெண்களுக்குன்னு ஒரு ஜமாத்தே ஆரம்பிச்சாங்க, இதைப் பத்தி நாகூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க, இங்கயே சொல்லிடறேன். தலாக், ஜீவனாம்சம், அடி உதைன்னு ஒரு பொண்ணோட வழக்கு ஜமாத்துக்கு வரும், ஆனா அங்க பேச அந்தப் பொண்ணுக்கே இடமில்ல, அப்பாவோ அண்ணனோ பேசுவாங்க. நாங்களே உக்காந்து நாங்களே கேட்டுக்கறோம்னு கிளம்புனாங்க. அதுக்கு வந்த எதிர்ப்பும் மிரட்டலும் கொஞ்சநஞ்சம் இல்ல.

கேள்வி: மகளிர் குழுவைப் பெருசா புகழறீங்க. எங்க தெருவுல குழுன்னாலே கடன், வட்டி, வாசல்ல வந்து நிக்கற ஆளு. இதுல என்ன தலைமை?
— வாசகி, விழுப்புரம்

நீங்க சொல்றதுல பாதி மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிக்காரங்க குழும்மா, அவங்களுக்கு வேணும்ங்கறப்ப பத்து பேரைச் சேர்த்து போட்டோ புடிச்சு கடனைக் குடுத்துட்டு, ஒருத்தி கட்டலைன்னா மத்த ஒம்போது பேரையும் அவ வீட்டு வாசல்ல உக்கார வெக்கறது. அதைக் குழுன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம சுய உதவிக்குழு 1989-ல தர்மபுரில ஐநா-வோட வேளாண் நிதி உதவில ஆரம்பிச்சு, 1997-ல மகளிர் திட்டமா மாநிலம் முழுக்க வந்தது. அதுல முதல்ல சேமிப்பு, அப்புறம் தான் கடன். வாரம் பத்தோ இருபதோ போட்டு, அந்தப் பணத்தைச் சுத்தல்ல விட்டு, ஆறு மாசம் தாக்குப் பிடிச்சா தான் பேங்க் திரும்பிப் பார்க்கும்.

எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். நான் ஆரம்பிச்சு வெச்ச குழு ஒண்ணுல பொறுப்புல இருந்த பொண்ணே பாஸ்புக்கோட ஊரை விட்டுப் போயிடுச்சு, மத்தவங்க என்னைப் பார்த்த பார்வை இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் அந்தக் குழுவுல ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க, நான் சொல்லித் தரலை, அவங்களே. பணப் பெட்டி ஒரு வீட்டுல, சாவி இன்னொரு வீட்டுல, நோட்டு மூணாவது வீட்டுல. மூணு வீட்டுக்காரிக்கும் ஒருத்தரை ஒருத்தர் ஆகாது! அப்படிப் பார்த்து தான் ஆள் போட்டாங்களாம்.

கேள்வி: பொன்னாடையை எல்லாம் என்ன தான் பண்றது? எங்க அம்மா குழுக் கூட்டமைப்புத் தலைவி, பீரோல முப்பது இருக்கு.
— வாசகி, தேனி

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க எல்லாத்தையும் சேர்த்துத் தச்சு அங்கன்வாடி ஜன்னலுக்குத் திரை போட்டுட்டாங்க. மதியம் புள்ளைங்க தூங்கறப்ப வெயில் மூஞ்சில அடிக்கறதில்ல. ஜரிகை மட்டும் கொஞ்சம் கண்ணைப் பறிக்கும்.

கேள்வி: அக்கா, அடுத்து தேர்தல் வந்தா வார்டு உறுப்பினருக்கு நிக்கலாம்னு ஆசை. எனக்கு மேடைல பேச வராது, கை நடுங்கும். வீட்டுக்காரரு "உனக்கெதுக்கு"ங்கறாரு. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன், நூறு நாள் வேலைக்குப் போறேன்.
— பெயர் வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டம்

இந்த லெட்டரைத் தான் கடைசியா எடுத்து வெச்சேன், நிதானமா எழுதணும்னு. 21 வயசு ஆயிருக்கணும், உங்க ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கணும், அவ்ளோ தான். கட்சி சின்னம் கிடையாது, பூட்டு சாவி, சீப்பு மாதிரி ஏதாவது ஒண்ணு தருவாங்க. போன தேர்தல்ல வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபா, எஸ்சி எஸ்டி-ன்னா 100. அந்தக் காசை வீட்டுக்காரர்கிட்ட கேக்காதீங்க, உங்க கூலில இருந்து எடுத்துக் கட்டுங்க.

பேச வராதுன்னா அதுக்கு ஒரு வழி இருக்கு, ஆனா தேர்தலுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். வருஷத்துல ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வர்ற சபைக்குப் போங்க. பேச வேணாம், முதல் வாட்டி சும்மா உக்காந்து எத்தனை பேர் வந்துருக்காங்கன்னு எண்ணுங்க. 500 பேருக்கு மேல 3,000 வரைக்கும் இருக்கற ஊர்னா 100 பேராவது இருக்கணும், இல்லாட்டி சபை செல்லாது. நீங்க எண்ணுனா நாப்பது தான் இருக்கும். மிச்ச கையெழுத்து எங்க இருந்து வருதுன்னு உங்களுக்கே தெரியும், நூறு நாள் வேலை நடக்கற இடத்துக்கு நோட்டைத் தூக்கிட்டு வந்து "இங்க ஒரு கையெழுத்து போடும்மா"ன்னு வாங்கிட்டுப் போவாங்கல்ல, எதுக்குன்னு கேக்காம நீங்களே போட்டிருப்பீங்க. அடுத்த வாட்டி நோட்டு வந்தா, "என்ன தீர்மானம்னு படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடறேன்"னு சொல்லுங்க. கை நடுங்கட்டும், பரவாயில்ல. பக்கத்துல மண்ணு வெட்டிட்டு இருக்கற இருபது பேரும் நிமிர்ந்து பார்ப்பாங்க, அவங்க தான் உங்க ஓட்டு.

ரெண்டாவது சபைல ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொண்டு போங்க. உங்க தெரு லைட்டோ, உங்க குழாயோ, ஒண்ணே ஒண்ணு. எழுதிக் குடுத்துட்டுத் தீர்மான நம்பர் என்னன்னு கேட்டு வாங்கிக்கோங்க, நம்பர் இல்லாத தீர்மானம் காத்துல போயிடும். அந்த நம்பரை ரேஷன் கார்டு அட்டைக்குப் பின்னாடி எழுதி வெச்சுக்கோங்க, வேற எங்க எழுதுனாலும் தொலைஞ்சுடும், எனக்குத் தெரியும். என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. பேரு போட மாட்டேன், ஆனா தெரு லைட் எரிஞ்சுதா இல்லையான்னு கண்டிப்பா போடுவேன்.